பத்தாயமும் பேட்டரியும்

காவிரியின் கடைமடையில் வாழும் நமக்குச் சேமிப்பு என்பது புதிய பாடமன்று. அறுவடையான நெல்லைப் பத்தாயத்தில் கொட்டி வைத்து, அடுத்த அறுவடை வரை அளந்து எடுத்துச் சமைத்த குடும்பங்கள் நம் பகுதியில் பல. பத்தாயம் செய்யத் தச்சரை அழைப்பதற்கு முன்பே வீட்டில் ஒரு கணக்கு நடந்துவிடும். சாப்பிடுகிறவர்கள் எத்தனை பேர், விதைநெல் எவ்வளவு, கூலிக்கு எவ்வளவு, விருந்தினருக்கு எவ்வளவு என்றெல்லாம் எண்ணிப் பார்த்த பிறகே பத்தாயத்தின் அளவு முடிவாகும். அந்தக் கணக்கில் பாட்டியின் சொல்லுக்கு மதிப்பு இருந்தது. உலையில் அரிசி இடும் கைக்குத்தானே வீட்டின் தேவை தெரியும்!

இன்று நம் வீடுகளில் இன்னொரு பத்தாயம் வந்து நிற்கிறது. நெல்லுக்குப் பதிலாக மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் பத்தாயம். அதுதான் இன்வெர்ட்டரோடு வரும் பேட்டரி. ஆனால் இதை வாங்கும்போது அந்தப் பழைய கணக்கு நடப்பதில்லை. "பக்கத்து வீட்டில் 150 போட்டிருக்கிறார்கள், நமக்கு 200 இருக்கட்டும்" என்பது ஒரு வகை. "கடைக்காரர் சொன்னார், வாங்கிவிட்டோம்" என்பது மற்றொரு வகை. வாங்கி வந்து வைத்தபின் அதற்குத் தண்ணீர் ஊற்றும் வேலை மட்டும் அம்மாவுக்கு வந்து சேரும்.

இயற்பியல் படிக்கும் மேல்வகுப்பு மாணவியரான நாங்கள் இது பற்றி எங்களுக்குள் பேசி, ஒரு கருத்துக்கு வந்திருக்கிறோம். கணக்குப் போடாமல் எந்த வீட்டிலும் பேட்டரி வாங்கக் கூடாது. அந்தக் கணக்கை வீட்டிலுள்ள பெண்களும் பெண்பிள்ளைகளும் சேர்ந்தே போட வேண்டும். ஏன் என்பதைப் பெற்றோர்களும் அருட்சகோதரியரும் தங்கைகளும் அறிய இங்கே எழுதுகிறோம்.

நமக்கு ஏன் இது அவசியம்?

காரைக்காலில் மின்நிலையம் இல்லாமல் இல்லை. திருமலைராயன்பட்டினத்தில் எரிவாயுவால் இயங்கும் 32.5 மெகாவாட் நிலையம் 2000-ஆம் ஆண்டில் உற்பத்தியைத் தொடங்கியது. ஆனால் நிலையம் எவ்வளவு அருகில் இருந்தென்ன? அங்கிருந்து நம் வீட்டுக்கு வரும் வழியில் உள்ள கம்பங்கள் நிற்க வேண்டுமே! 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. டெல்டா முழுவதும் தென்னைகளோடு மின்கம்பங்களும் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. மிகுதியாகப் பாதிக்கப்பட்ட ஊர்களில் வாரக்கணக்கில் விளக்கு எரியவில்லை.

நம் கடற்கரைக்கு ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். புயல் காலமும் அதுவே. மார்ச் மாதம் வந்தால் பொதுத்தேர்வு. ஏப்ரல், மே வந்தால் புழுக்கம். மின்தடை எந்த மாதத்தில் வந்தாலும் யாரோ ஒருவருக்கு அது வெறும் அசௌகரியமாக நின்றுவிடுவதில்லை. மூச்சுத் திணறும் தாத்தாவுக்கு நெபுலைசர் வேண்டும். கைக்குழந்தைக்குக் காற்று வேண்டும். தேர்வு எழுதும் அக்காவுக்கு ஒரு விளக்கு வேண்டும். கடலுக்குச் சென்ற அப்பாவிடமிருந்து செய்தி வர, கோட்டுச்சேரிமேட்டு வீட்டில் கைப்பேசி உயிரோடு இருக்க வேண்டும். எனவே பேட்டரியை ஆடம்பரப் பொருள் என்று நாங்கள் கருதவில்லை. ஆடம்பரமாக எண்ணி வாங்குவதுதான் தவறு.

இரண்டு வகைப் பேட்டரிகள்

கடையில் நமக்குக் காட்டப்படுபவை பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, ஈயமும் கந்தக அமிலமும் கொண்ட ஈய-அமில பேட்டரி. 1859-இல் கஸ்தோன் பிளாந்தே என்ற பிரெஞ்சு அறிஞர் இதைக் கண்டுபிடித்தபோது நம் காரைக்காலும் பிரெஞ்சு ஆட்சியில்தான் இருந்தது. ஆட்சி 1954-இல் போய்விட்டது. அந்தப் பேட்டரியோ இன்றும் நம் வீடுகளில் இருக்கிறது! இன்வெர்ட்டருக்கு ஏற்றது இதில் 'டியூபுலர்' என்னும் வகை. விலை குறைவு, பழுது பார்க்க ஆள் கிடைப்பார்கள், பழையதைக் கொடுத்துப் புதியது வாங்கலாம் என்பவை இதன் நன்மைகள். கனமானது, வாலை வடிநீர் (டிஸ்டில்டு வாட்டர்) ஊற்ற வேண்டும், முழுவதும் தீர்ந்துபோக விட்டால் ஆயுள் குறையும் என்பவை இதன் குறைகள்.

மற்றொன்று லித்தியம் பேட்டரி. வீட்டு உபயோகத்துக்கு ஏற்றது இதில் 'லித்தியம் இரும்பு பாஸ்பேட்' என்னும் வகை. இதன் வரலாற்றில் தமிழராகிய நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி ஒன்று உண்டு. தென் தமிழ்நாட்டுச் சிற்றூர் ஒன்றில் பிறந்து, மதுரையிலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் பயின்ற பேராசிரியர் ஆறுமுகம் மந்திரம், 1980-களில் ஜான் குடினஃப் என்ற அமெரிக்க அறிஞரோடு சேர்ந்து ஆராய்ந்து, மலிவான இரும்புச் சேர்மங்களை லித்தியம் மின்கலத்தில் பயன்படுத்தும் பாதைக்கு அடித்தளமிட்டார். அந்தப் பாதையில் 1990-களில் குடினஃபின் ஆய்வுக்கூடத்தில் உருவானதே லித்தியம் இரும்பு பாஸ்பேட். குடினஃப் தம் 97-ஆம் வயதில், 2019-இல், வேறு இருவரோடு வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார். அவர் சார்பில் நோபல் பேருரையை ஆற்றியவர் நம் ஆறுமுகம் மந்திரம்தான். கிராமத்துப் பள்ளியில் தொடங்கிய படிப்பு எதுவரை போகும் என்பதற்குத் தங்கைகளுக்கு வேறு சான்று வேண்டுமா?

இவ்வகைப் பேட்டரி எடை குறைவு. தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. விரைவில் சார்ஜ் ஆகும். சேர்த்த மின்சாரத்தில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளலாம். பல ஆண்டுகள் உழைக்கும். ஆனால் வாங்கும்போது கொடுக்கும் விலை அதிகம். வீட்டிலுள்ள பழைய இன்வெர்ட்டர் இதற்கு ஒத்துவருமா என்று முதலில் கேட்க வேண்டும். உள்ளே ஒவ்வொரு கலத்தையும் கண்காணிக்கும் பாதுகாப்புச் சுற்று (பி.எம்.எஸ்.) இல்லாததையோ, பழைய கலங்களைப் பொறுக்கிச் சேர்த்த மலிவுப் பெட்டியையோ எக்காரணத்தாலும் வாங்கக் கூடாது.

ஒரு வீட்டின் கணக்கு

இப்போது பாடத்தில் படித்ததை வீட்டுக்குக் கொண்டு வருவோம். வாட்டை மணியால் பெருக்கினால் வாட்-மணி. ஆயிரம் வாட்-மணி சேர்ந்தால் ஒரு யூனிட். எட்டாம் வகுப்புத் தங்கைக்கும் தெரிந்த பெருக்கல்தான் இது.

ஒரு நடுத்தர வீட்டில் இரவு முழுவதும் மின்சாரம் இல்லை என்று வைத்துக்கொள்வோம். 9 வாட் எல்.இ.டி. விளக்கு நான்கு, ஐந்து மணி நேரம் எரிந்தால் 180 வாட்-மணி. 75 வாட் மின்விசிறி இரண்டு, எட்டு மணி நேரம் சுழன்றால் 1,200 வாட்-மணி. கைப்பேசிக்கும் இணையப் பெட்டிக்குமாக 60 வாட்-மணி. மொத்தம் 1,440.

இனி பத்தாயத்தின் அளவைப் பார்ப்போம். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் 12-ஐ 150-ஆல் பெருக்கி 1,800 வாட்-மணி. "ஆகா, போதுமே!" என்று தோன்றும். பொறுங்கள். ஈய-அமில பேட்டரி நீண்ட நாள் உழைக்க வேண்டுமானால் அதில் பாதியளவே எடுப்பது நல்லது. ஆகவே 900. அதை வீட்டு மின்சாரமாக மாற்றும்போது இன்வெர்ட்டர் தனக்கென ஏறக்குறைய 15 விழுக்காடு எடுத்துக்கொள்ளும். கையில் மிஞ்சுவது 765. விளக்குக்கும் கைப்பேசிக்கும் உரியதை ஒதுக்கிவிட்டால், இரண்டு மின்விசிறியும் மூன்றரை மணி நேரமே சுழலும். அதற்கு மேலும் இழுக்கலாம். ஆனால் அப்படி இழுக்கும் ஒவ்வோர் இரவும் பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும்.

இந்த இடத்தில்தான் பலரும் இரண்டாவது பேட்டரி வாங்க ஓடுகிறார்கள். நாங்கள் சொல்வது வேறு. அந்த இரண்டு மின்விசிறிகளையும் மாற்றிப் பாருங்கள். இப்போது விற்கும் பி.எல்.டி.சி. வகை மின்விசிறி ஏறக்குறைய 30 வாட்டில் சுழலும். எட்டு மணி நேரத்துக்கு இரண்டுக்கும் சேர்த்து 480 வாட்-மணி போதும். அப்படியானால் வீட்டின் மொத்தத் தேவை 1,440-லிருந்து 720 ஆகக் குறைந்துவிடுகிறது. கையில் இருப்பதோ 765. அதே பேட்டரி இப்போது இரவு முழுவதற்கும் போதும்! இரண்டு மின்விசிறியின் விலை பொதுவாக ஒரு நல்ல பேட்டரியின் விலையைவிடக் குறைவு. அதோடு, மின்சாரம் இருக்கும் நாளிலும் கட்டணம் குறையும். பத்தாயத்தைப் பெரிதாக்குமுன் பானையில் ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பதுதானே குடும்பப் பெண்ணின் அறிவு?

லித்தியம் என்றால், 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் 1,280 வாட்-மணி உண்டு. அதில் எண்பது விழுக்காடு எடுத்து, இன்வெர்ட்டரின் பங்கையும் கழித்தால் 870 வாட்-மணி கிடைக்கும். பெயரில் 100 என்றிருந்தாலும் 150-ஐவிட மிகுதியாகத் தருகிறது பாருங்கள். ஆகவே பெட்டியின் மேலுள்ள எண்ணை மட்டும் பார்த்து ஒப்பிடுவது சரியன்று.

குளிர்சாதனப் பெட்டி, தண்ணீர் மோட்டார், இஸ்திரிப் பெட்டி, மிக்சி ஆகியவற்றை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். மோட்டார் புறப்படும் நொடியில் பல மடங்கு மின்சாரத்தை இழுக்கும். சிறிய இன்வெர்ட்டர் தாங்காது. நோயாளி இருக்கும் வீட்டில் மட்டும் வரிசையை மாற்ற வேண்டும். மருத்துவக் கருவிக்கு எத்தனை வாட் என்று அதன் பின்புறத்தில் எழுதியிருக்கும். அதை முதலில் எழுதிவிட்டு மற்றவற்றைப் பிறகு எழுத வேண்டும். ஆக்சிஜன் தரும் கருவி போன்ற பெரிய தேவை இருந்தால், பேட்டரியை மட்டும் நம்பாமல் மருத்துவரிடம் கேட்டு மாற்று ஏற்பாடும் வைத்துக்கொள்ள வேண்டும்.

கூரையில் சூரியப் பலகை இருந்தால்?

2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய சூரிய வீட்டுத் திட்டத்தில், 3 கிலோவாட் பலகைக்கு 78,000 ரூபாய் வரை மானியம் அறிவிக்கப்பட்டது. அதன் பின் கூரைப் பலகை பற்றிய பேச்சு எங்கும் கேட்கிறது. நல்ல காரியமே. ஆனால் ஒரு செய்தியை எல்லாப் பெற்றோரும் அறிந்திருக்க வேண்டும். பேட்டரி இல்லாமல், மின்துறைக் கம்பியோடு மட்டும் இணைக்கப்பட்ட பலகை, தெருவில் மின்சாரம் போனால் தானும் நின்றுவிடும். பட்டப்பகலில் வெயில் கொளுத்தினாலும் வீட்டில் விளக்கு எரியாது.

இது குறைபாடன்று, வேண்டுமென்றே செய்த பாதுகாப்பு. தெருவில் மின்சாரம் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறிப் பழுது பார்க்கும் ஊழியரின் கைக்கு, நம் கூரையிலிருந்து மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது அல்லவா? எனவே மின்தடையின் போதும் பலகை உதவ வேண்டுமானால், பேட்டரியோடு சேர்ந்து இயங்கும் 'ஹைபிரிட்' இன்வெர்ட்டரும், வீட்டைத் தெருக்கம்பியிலிருந்து முழுவதும் துண்டிக்கும் அமைப்பும் தேவை. விலை பேசும்போதே "கரண்ட் போனால் இது ஓடுமா?" என்ற ஒரு கேள்வியைக் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

மற்றொன்றும் நினைவிலிருக்கட்டும். புயல் வரும் மாதங்களே மேகம் சூழ்ந்த மாதங்களும் ஆகும். அந்நாட்களில் பலகை தருவது குறைவு. எனவே புயல் எச்சரிக்கை வந்தவுடனே பேட்டரியை முழுமையாக நிரப்பிக்கொள்வது நல்லது. வெள்ளம் வருமுன் அணை போடுவதுபோல்தான் இதுவும்.

எங்கே, எப்படி வைப்பது?

ஈய-அமில பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும். அது தீப்பற்றக்கூடியது. மூடிய அலமாரியிலும், படுக்கை அறையிலும், அடுப்புக்கும் மெழுகுவர்த்திக்கும் அருகிலும் பேட்டரியை வைக்கக் கூடாது. காற்றோட்டமும் நிழலும் உள்ள இடமே ஏற்றது. வெப்பம் கூடக் கூடப் பேட்டரியின் ஆயுள் குறையும். நம் ஊரில் மழைநீர் வீட்டுக்குள் வருவதுண்டு. ஆகவே சென்ற ஆண்டுகளில் நீர் ஏறிய அளவை நினைத்துப் பார்த்து, அதற்கு மேலான உயரத்தில் உறுதியான மேடை அமைத்து வையுங்கள். கடற்காற்றின் உப்பு முனைகளை அரிக்கும். முனைகளைத் துடைத்து வாசலின் தடவிவிட்டால் அரிப்பு குறையும்.

தடித்த கம்பி, பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ், முறையான எர்த் ஆகிய மூன்றும் இல்லாத இணைப்பை ஏற்காதீர்கள். உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டே வேலையைச் செய்யுங்கள். இன்வெர்ட்டரின் மின்சாரத்தை ஏதோ ஒரு பிளக்கின் வழியே வீட்டு இணைப்புக்குள் செலுத்தும் குறுக்குவழி கூடவே கூடாது; கம்பத்தில் இருக்கும் ஊழியரின் உயிரை அது பறித்துவிடும்.

வாங்கும்போது தயாரித்த மாதத்தைக் கேளுங்கள். கடையில் பல மாதம் கிடந்த பேட்டரி வலுவிழந்திருக்கும். உத்தரவாத அட்டையில், முழுவதும் மாற்றித் தரும் காலம் எத்தனை மாதம், விலையில் ஒரு பகுதியை மட்டும் கழித்துத் தரும் காலம் எத்தனை மாதம் என்று தனித்தனியே பாருங்கள். இரண்டையும் கூட்டிச் சொல்லும் எண்ணைக் கேட்டு மகிழ்ந்துவிடக் கூடாது.

தண்ணீர் ஊற்றும் அம்மாக்களுக்குத் தனியே ஒரு வேண்டுகோள். வாலை வடிநீர் தவிர, கிணற்று நீரோ குழாய் நீரோ ஊற்ற வேண்டாம். அமிலத்தை ஒருபோதும் ஊற்றக் கூடாது. கையுறையும் கண்ணாடியும் அணியுங்கள். அமிலம் பட்டுவிட்டால் உடனே நிறையத் தண்ணீரில் கழுவுங்கள்; கண்ணில் பட்டால் கழுவியபின் தாமதியாமல் மருத்துவரிடம் செல்லுங்கள். பேட்டரி வைத்துச் செல்பவர் இதையெல்லாம் வீட்டுத் தலைவரிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போகிறார். தண்ணீர் ஊற்றுகிறவரிடமல்லவா சொல்ல வேண்டும்?

பழைய பேட்டரியின் பாவம்

உழைத்து ஓய்ந்த பேட்டரியை என்ன செய்கிறோம்? அதிக விலை தருவதாகச் சொல்லி வாசலுக்கு வருபவரிடம் போடுவது எளிது. ஆனால் முறையற்ற இடங்களில் அதை உடைத்து ஈயத்தை உருக்கும்போது, அந்தப் புகையும் தூசியும் அக்கம்பக்கத்துக் குழந்தைகளின் உடலில் சேர்கின்றன. ஈயம் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு. உலகக் குழந்தைகளில் மூவரில் ஒருவரின் இரத்தத்தில் கவலைக்குரிய அளவு ஈயம் இருப்பதாக யுனிசெஃப் நிறுவனம் 2020-இல் அறிவித்தது. பழைய பேட்டரிகளை முறையின்றி உடைப்பதை அதற்கு ஒரு முக்கியக் காரணமாகவும் சுட்டியது. பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளர்களுடையது என்று நம் நாட்டில் 2022-இல் விதி வந்திருக்கிறது. எனவே பழையதை அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடமே கொடுத்து ரசீது வாங்குவோம். நம் வீட்டு வெளிச்சத்துக்காக வேறொரு வீட்டுக் குழந்தையின் அறிவு மங்கக் கூடாது.

எங்கள் வேண்டுகோள்

"வசதியுள்ளவர்களுக்குத்தானே இதெல்லாம்?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. எல்லா வீட்டிலும் பேட்டரி வாங்க முடியாது என்பதை நாங்கள் அறிவோம். ஆனால் இன்னொரு கணக்கையும் பாருங்கள். ஒரு கைப்பேசியை முழுவதும் சார்ஜ் செய்ய ஏறக்குறைய 25 வாட்-மணி போதும். பத்து வீட்டுக் கைப்பேசிகளுக்கு 250. பழைய மின்விசிறி ஒன்று மூன்றரை மணி நேரம் சுழலுவதற்குக்கூட இதைவிட மிகுதியாக வேண்டும்! புயல் நாளில் பேட்டரி உள்ள ஒரு வீடு, தெருவிலுள்ள பத்து வீடுகளின் பேச்சுக்கு உயிர் கொடுக்கலாம். வீட்டுக் கணக்கை எழுதும்போது இந்த 250-ஐயும் ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறோம். பத்தாயக் கணக்கிலும் விருந்தினருக்கென்று ஒரு பங்கு இருந்தது அல்லவா?

பள்ளி நிர்வாகத்துக்கும் ஒரு விண்ணப்பம். ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பரில், மழைக்காலம் தொடங்குமுன், ஒரு பாடவேளையை இதற்கென ஒதுக்க வேண்டுகிறோம். ஒவ்வொரு மாணவியும் தன் வீட்டிலுள்ள விளக்கு, மின்விசிறி, மருத்துவக் கருவி ஆகியவற்றின் வாட்டைக் குறித்து வந்து, ஓர் இரவின் தேவையைத் தானே கணக்கிடட்டும். பேட்டரி உள்ளவர்கள் தண்ணீர் மட்டத்தையும் முனைகளையும் பெற்றோருடன் சேர்ந்து சரிபார்க்கட்டும். இல்லாதவர்கள் டார்ச், மெழுகுவர்த்தி, சார்ஜ் ஏற்றிய கைப்பேசி ஆகியவை ஆயத்தமாக உள்ளனவா என்று பார்க்கட்டும். தேர்வுத்தாளில் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதும் பாடம், அன்று ஒரு வீட்டைக் காக்கும் பாடமாகும்.

பெற்றோர்களே, உங்கள் மகளுக்கு வாட், வோல்ட், ஆம்பியர் எல்லாம் தெரியும். நீங்கள் கட்டணம் கட்டிப் படிக்க வைத்ததுதான் அது. அடுத்த முறை பேட்டரிக் கடைக்குப் போகும்போது அவளையும், வீட்டின் தேவையை அறிந்த அம்மாவையும் அழைத்துச் செல்லுங்கள். கையில் ஒரு தாளும் இருக்கட்டும். கடைக்காரர் சொல்லும் எண்ணுக்குப் பக்கத்தில் உங்கள் வீட்டின் எண்ணை வைத்துப் பார்த்து, விரலுக்குத் தகுந்த வீக்கமாகத் தேர்ந்தெடுங்கள். அந்தப் பேட்டரி உங்கள் பணத்துக்கும் நியாயம் செய்யும். புயல் இரவில் தாத்தாவின் மூச்சுக்கும் காவலாக நிற்கும்.